மடங்காக் கத்தி: முகாமுக்கும் காட்டில் உயிர்பிழைத்தலுக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுத்தல்

மடங்காக் கத்தி என்பது அலகும் கைப்பிடியும் அசையாதபடி ஒன்றாகப் பொருத்தப்பட்ட கத்தி ஆகும். மடக்குக் கத்தியைப் போல இதன் அலகைக் கைப்பிடிக்குள் மடித்து வைக்க முடியாது. எனவே இது உறையில் இடப்பட்டு இடுப்பிலோ பையிலோ எடுத்துச் செல்லப்படுகிறது. முகாமிடுவோர், மலையேறுவோர், படைவீரர், காட்டை நம்பி வாழும் மக்கள் எனப் பல தரப்பினரும் இதை முதன்மைக் கருவியாகக் கொண்டுள்ளனர்.

கடைகளில் கிடைக்கும் மடங்காக் கத்திகள் விலையிலும் அளவிலும் தோற்றத்திலும் பெரிதும் வேறுபடுகின்றன. முதுகில் ரம்பப் பல், கறுப்புப் பூச்சு, தூண்டில் முள் ஒளித்து வைக்கும் பிடி போன்றவை வாங்குபவரின் கண்ணை முதலில் கவர்கின்றன. ஆனால் காட்டில் கத்தி கைவிடுவது பெரும்பாலும் வேறு இடங்களில்தான். அலகும் பிடியும் சேரும் இடத்தில் அது முறிகிறது, ஈரக்கையில் வழுக்குகிறது, உறையிலிருந்து நழுவித் தொலைந்துபோகிறது. எனவே தோற்றத்தைப் பார்க்காமல், இக்கட்டான நேரத்தில் கத்தி செய்ய வேண்டிய வேலையை முன்வைத்துத் தேர்ந்தெடுப்பதே சரியான முறையாகும்.

காட்டில் கத்தியின் வேலை

திரைப்படங்களில் கத்தி விலங்குகளோடும் பகைவரோடும் போரிடும் கருவியாகக் காட்டப்படுகிறது. உண்மையில் முகாமில் அதன் வேலை எளிமையானது. கயிறு அறுத்தல், கூடார முளை சீவுதல், காய்கறி நறுக்குதல், மீன் துப்புரவு செய்தல், காயத்துக்குக் கட்டுப்போடத் துணி வெட்டுதல் ஆகியவையே அன்றாடப் பணிகள். கூரான எந்தக் கத்தியும் இவற்றைச் செய்துவிடும். மழையில் நனைந்த காட்டில் தீ மூட்ட வேண்டிய நேரத்தில்தான் கத்தியின் தரம் வெளிப்படும்.

மனித உடலின் உள்வெப்பநிலை இயல்பாக 37 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். அது 35 பாகைக்குக் கீழே இறங்குவது தாழ்வெப்பநிலை எனப்படுகிறது. நனைந்த உடையும் வீசும் காற்றும் சேர்ந்தால், பனி பெய்யாத மலைகளிலும் இந்நிலை ஏற்படலாம். முதலில் உடல் நடுங்கும், விரல்கள் மரத்துப்போகும். பிறகு சிந்தனை தடுமாறும். அந்த நேரத்தில் தீ உயிர் காக்கும் பொருளாகிறது. ஆனால் தரையில் கிடக்கும் சுள்ளிகள் நனைந்திருப்பதால் பற்றுவதில்லை. நின்றபடியே பட்டுப்போன மரத்தின் கிளையில் பெரும்பாலும் வெளிப்பகுதி மட்டுமே நனைந்திருக்கும், உள்மரம் உலர்ந்திருக்கும். அந்த உள்மரத்தை வெளியே எடுக்கக் கத்தி வேண்டும். இவ்வேலையில் மூன்று படிகள் உள்ளன.

1. பிளத்தல்: மணிக்கட்டுப் பருமனுள்ள கட்டையை நிறுத்தி, அதன் தலையில் கத்தியின் வாயை வைத்து, முதுகில் வேறொரு கட்டையால் தட்டிப் பிளப்பது. கத்தியின் வலிமையை இது சோதிக்கும்.

2. சீவுதல்: உலர்ந்த உள்மரத்தை இறகு போன்ற மெல்லிய சுருள்களாகச் சீவுவது. சுருள்கள் குச்சியிலேயே ஒட்டியிருக்கும்படி சீவப்படுவதால் இது இறகுக்குச்சி எனப்படும். வாயின் கூர்மையையும் பிடியின் இசைவையும் இது சோதிக்கும்.

3. பொறி எழுப்புதல்: தீப்பொறிக் கோலைக் கத்தி முதுகின் கூரிய ஓரத்தால் உரசிப் பொறியைச் சுருள்களின் மீது விழச் செய்வது. முதுகின் அமைப்பை இது சோதிக்கும்.

இம்மூன்றையும் குளிரில் மரத்த கைகளால் செய்ய முடிந்தால், அந்தக் கத்தி மற்ற முகாம் வேலைகளுக்கும் பெரும்பாலும் போதுமானதாக இருக்கும்.

வரலாறு

காட்டு வழியில் செல்வோர் சிறு கத்தியை உடன் வைத்திருக்கும் வழக்கம் மிகப் பழையது. ஆஸ்திரிய–இத்தாலிய எல்லையை ஒட்டிய ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-இல் ஏறத்தாழ 5,300 ஆண்டுகள் பழைமையான மனித உடல் கண்டெடுக்கப்பட்டது. ஓட்சி என்று அழைக்கப்படும் அம்மனிதரிடம் ஒரு செப்புக் கோடரியும், மரப்பிடி போட்ட சிறிய தீக்கல் கத்தியும் இருந்தன. பிடியோடு சேர்த்து ஏறத்தாழ 13 செ.மீ. நீளமே உள்ள அக்கத்திக்கு, மரப்பட்டை நாரால் பின்னிய உறையும் இருந்தது. தணலை எடுத்துச் செல்லப் பூர்ச்ச மரப்பட்டைக் கலம் ஒன்றையும் அவர் வைத்திருந்தார். பெரிய வேலைக்குக் கோடரி, நுண்ணிய வேலைக்குச் சிறு கத்தி, கத்திக்கு உறை, உடன் தீ என்ற அந்த ஏற்பாடு இன்றும் மாறவில்லை.

வட ஐரோப்பாவில் இம்மரபு தொடர்ந்து வளர்ந்தது. பின்லாந்தின் பூக்கோ என்னும் சிறு கத்தி, மரம் என்று பொருள்படும் பின்னியச் சொல்லோடு தொடர்புடைய பெயரைக் கொண்டது. வடக்கே வாழும் சாமி மக்கள் பெரிய வேலைகளுக்கு லெவுக்கு என்னும் நீண்ட கத்தியைப் பயன்படுத்துகின்றனர். சுவீடனின் டாலர்னா பகுதியிலுள்ள மோரா, கத்திகளுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு 1891-இல் தொடங்கிய ஃப்ரோஸ்ட்ஸ் தொழிலகத்தின் வழிவந்ததே இன்று மோராக்னிவ் என அறியப்படும் நிறுவனம்.

இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் அமெரிக்க மரீன் படை ஏற்றுக்கொண்ட, ஏறத்தாழ 18 செ.மீ. அலகுள்ள கா-பார் கத்தி, பெரிய படைக்கத்திகளைப் பரவலாக்கியது. 1982-இல் வெளிவந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ திரைப்படத்தில் ராம்போ வைத்திருந்த ரம்பப் பல் கத்தியின் பிடி உள்ளீடற்றது. அதன்பின் அதைப் போன்ற மலிவான நகல்கள் சந்தையில் பெருகின. மறுபுறம், கனடாவின் மோர்ஸ் கோச்சன்ஸ்கி (1940–2019) போன்ற காட்டுக்கலை ஆசிரியர்கள் எளிய சிறு கத்தியையும் அதைக் கையாளும் திறனையும் முன்னிறுத்தினர்.

மடக்குக் கத்தியுடன் ஒப்பீடு

மடக்குக் கத்தி சிறியது, சட்டைப்பையில் அடங்கும். அலகு சுழலும் ஆணியும் அலகைப் பூட்டும் அமைப்புமே அதன் வலுவற்ற இடங்கள். கட்டையைப் பிளக்க முதுகில் தட்டும்போது முழு அதிர்ச்சியும் அந்த ஆணிக்கும் பூட்டுக்கும் செல்கிறது. பூட்டு விலகினால் அலகு விரல்களின் மீது மடியும். மணலோ மீன் செதிலோ உள்ளே சிக்கினால் துப்புரவு செய்வதும் கடினம். மடங்காக் கத்தியில் அசையும் பாகம் எதுவும் இல்லை. விரல்கள் மரத்திருந்தாலும் ஒரு கையால் உறையிலிருந்து உருவிவிடலாம். ஆகவே காட்டுப் பயணத்துக்கு மடங்காக் கத்தி முதன்மையாகவும் மடக்குக் கத்தி துணையாகவும் கொள்ளப்படுகின்றன.

வால்

அலகின் எஃகு கைப்பிடிக்குள் நீண்டு செல்லும் பகுதி வால் ஆகும். ஆங்கிலத்தில் இது டேங் எனப்படும். வெளியில் எளிதில் தெரியாத இப்பகுதியே கத்தியின் வலிமையைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

முழு வால்: எஃகு கைப்பிடியின் முழு நீளத்துக்கும் அகலத்துக்கும் செல்லும். இருபுறமும் மரம் அல்லது செயற்கைப் பொருளாலான துண்டுகள் ஆணியடித்துப் பொருத்தப்படும். பிடி உடைந்தாலும் எஃகின் மீது கயிற்றைச் சுற்றிக் கத்தியைப் பயன்படுத்தலாம். எடை கூடுவதும், கடுங்குளிரில் வெளியே தெரியும் எஃகு கையில் படுவதும் இதன் குறைகள்.

உள் வால்: எஃகு குறுகலான தண்டாகப் பிடியின் நடுவே செல்லும். பூக்கோவும் கா-பாரும் இவ்வகையே. தமிழ்நாட்டில் அரிவாளின் வாலைக் காய்ச்சி மரப்பிடிக்குள் இறக்கிப் பூண் போடும் முறையும் இதையே ஒத்தது. வால் போதிய பருமனுடன் இருந்து, அலகோடு சேரும் மூலைகள் வளைவாக இருந்தால் இது வலுவானதே. மூலைகள் செங்கோணமாக வெட்டப்பட்டிருந்தால் விசை அங்கே குவிந்து விரிசல் தொடங்கும்.

அரை வால்: எஃகு பிடியின் ஒரு பகுதிவரை மட்டுமே செல்லும். சீவவும் நறுக்கவும் போதுமானது. கடுமையாகப் பிளக்கவோ நெம்பவோ ஏற்றதல்ல.

எலிவால்: மிக மெல்லிய கம்பியாக ஒடுங்கும் வால். மலிவான கத்திகளில் இது அலகுடன் பற்றவைக்கப்பட்டும் இருக்கும். முறிவதற்கு வாய்ப்பு மிகுதி.

உள்ளீடற்ற பிடி: தீக்குச்சியும் தூண்டில் முள்ளும் வைக்க இடம் விடப்பட்ட குழாய்ப் பிடி. இதில் அலகின் குறுகிய அடிப்பகுதி மட்டுமே குழாயின் வாயில் இணைக்கப்படுவதால் தட்டும்போது கழன்றுவிடக்கூடும். ஒரே எஃகுத் தண்டில் குடைந்து செய்யப்படும் சில உயர்தரக் கத்திகள் இதற்கு விலக்கு.

விற்பனைப் படத்தில் வால் தெரியவில்லை என்றால் அதன் வகையைக் கேட்டறிந்த பிறகே வாங்க வேண்டும்.

அலகின் நீளமும் தடிமனும்

பொதுப்பயன் கத்திக்கு 10 முதல் 13 செ.மீ. வரையிலான அலகு ஏற்றது. இது ஏறத்தாழ உள்ளங்கையின் அகலம் அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல். பிளக்கும்போது அலகின் நுனிப்பகுதி கட்டைக்கு வெளியே நீண்டிருந்தால்தான் அதன் மீது தட்ட முடியும். எனவே 10 செ.மீ. அலகால் 6 அல்லது 7 செ.மீ. பருமனுள்ள கட்டையைப் பிளக்கலாம். தீ தொடங்க இதுவே போதும். 18 செ.மீ.க்கு மேற்பட்ட அலகு வெட்டும் வேலைக்கு உதவும்; ஆனால் இறகுக்குச்சி சீவவோ மீன் அறுக்கவோ அடங்காது, கையும் விரைவில் களைக்கும்.

தடிமன் 2.5 முதல் 5 மி.மீ. வரை இருக்கும். மெல்லிய அலகு மரத்திலும் உணவிலும் எளிதாக இறங்கும். தடித்த அலகு ஆப்பு போல மரத்தைப் பிளக்கும். ஆனால் தக்காளியை நறுக்காமல் நசுக்கும். 3 முதல் 4 மி.மீ. வரை இரண்டுக்கும் நடுவழியாகும்.

நுனியும் முதுகும்

முதுகு நுனியை நோக்கி மெல்லத் தாழும் வடிவம் பல வேலைகளுக்கும் பொருந்தும். இதில் நுனி வலுவாகவும் கட்டுப்படுத்த எளிதாகவும் இருக்கும். முதுகின் முன்பகுதியைப் பிறைபோல் வெட்டியெடுத்த வடிவம் குத்தித் துளைக்க நன்று. அதன் மெல்லிய நுனி நெம்பினால் ஒடியும்.

முதுகு தட்டையாகவும் அதன் ஓரங்கள் செங்கோணமாகவும் இருக்க வேண்டும். வழவழப்பாக உருட்டப்பட்ட முதுகு தீப்பொறிக் கோலைச் சரியாகச் சுரண்டாது. சுரண்டும் இடத்தில் கறுப்புப் பூச்சு தடையாக இருந்தால், அங்கு மட்டும் அரத்தால் தேய்த்து ஓரத்தைக் கூராக்கலாம். முதுகில் ரம்பப் பல் வைத்த கத்திகளில் பற்கள் குட்டையாக இருப்பதால் மரத்தை நன்கு அறுப்பதில்லை. பிளக்கும்போது தட்டும் கட்டையைக் கிழிக்கும். பெருவிரலால் முதுகை அழுத்திச் சீவவும் இடம் தராது. மடக்கு ரம்பம் ஒன்றைத் தனியே எடுத்துச் செல்வது இதைவிடப் பயனுள்ளது.

எஃகு

கத்தி எஃகுகளை உயர்கரிம எஃகு, துருவேறா எஃகு என இரு பெரும் பிரிவுகளாகக் கொள்ளலாம்.

உயர்கரிம எஃகுக்கு எடுத்துக்காட்டு 1095. இதில் ஏறத்தாழ 0.95 விழுக்காடு கரிமம் உள்ளது. பெயரின் கடைசி இரு எண்கள் இதையே குறிக்கின்றன. சாணைக்கல்லில் எளிதாகக் கூர் ஏறும், அடியையும் தாங்கும். தீக்கல்லால் இதன் மீது தட்டிப் பொறி எழுப்பவும் முடியும். ஆனால் ஈரத்தில் விரைவில் துருப்பிடிக்கும். ஆகவே துடைத்து எண்ணெய் பூசிவர வேண்டும்.

துருவேறா எஃகில் குறைந்தது ஏறத்தாழ 10.5 விழுக்காடு குரோமியம் இருக்கும். இது மேற்பரப்பில் மெல்லிய படலமாகி எஃகைத் துருவிலிருந்து காக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913-இல் உருவாக்கிய எஃகு இவ்வகையின் புகழ்பெற்ற தொடக்கங்களுள் ஒன்று. சுவீடனின் 12சி27, 14சி28என் ஆகியவை இன்று முகாம் கத்திகளில் பரவலாகப் பயன்படும் துருவேறா எஃகுகள். கடற்கரை, சதுப்புநிலம், மழைக்காடு ஆகியவற்றுக்கு இவை ஏற்றவை. துருவேறா எஃகு என்றாலும் உப்புநீரில் நெடுநேரம் கிடந்தால் துருப் புள்ளிகள் தோன்றலாம்.

எஃகின் பெயரைவிட அதைச் சூடாக்கித் தோய்த்துப் பதப்படுத்திய முறை முக்கியமானது. நல்ல எஃகும் பதம் தவறினால் ஒடியும் அல்லது மழுங்கும். கடினத்தன்மை ராக்வெல் அளவீட்டின் சி வரிசையில் குறிக்கப்படுகிறது. காட்டுக் கத்திகளுக்குப் பொதுவாக 56 முதல் 60 வரை விரும்பப்படுகிறது. இதற்கு மேல் சென்றால் கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் வாயில் சில்லு தெறிக்கும், கூர் ஏற்ற வைரக்கல் தேவைப்படும். மிகவும் குறைந்தால் வாய் எளிதில் மடங்கிவிடும். காட்டில் சிறு கல்லால் சில நிமிடங்களில் கூர் ஏற்றக்கூடிய எஃகே நடைமுறையில் உதவும்.

வாயின் சரிவு

அலகின் பக்கங்கள் வாயை நோக்கிச் சரியும் விதமும் கத்தியின் வேலையை மாற்றும்.

ஸ்காண்டிநேவியச் சரிவில் அலகின் பக்கங்கள் பாதிக்கு மேல் தட்டையாக வந்து, பிறகு ஒரே அகன்ற சரிவாக வாய்வரை இறங்கும். அச்சரிவைக் கல்லின் மீது படிய வைத்துத் தேய்த்தாலே கோணம் தானாக அமையும். எனவே புதியவர்க்கும் கூர் ஏற்றுவது எளிது. மரம் சீவ மிகவும் ஏற்றது.

முழுத் தட்டைச் சரிவு முதுகிலிருந்தே ஒடுங்கி வரும். உணவு நறுக்குவதிலும் பொதுவேலையிலும் நன்றாகச் செயல்படும்.

குவிச் சரிவில் பக்கங்கள் சற்று உப்பியபடி வாயில் சேரும். பிளக்கும்போதும் வெட்டும்போதும் வாய் எளிதில் சேதமடையாது. ஆனால் கூர் ஏற்றப் பழக்கம் வேண்டும்.

குழிச் சரிவில் பக்கங்கள் உள்நோக்கி வளைந்திருக்கும். வாய் மிக மெல்லியதாக அமைவதால் தோலுரிக்க நன்று. கட்டை பிளக்க ஏற்றதல்ல.

அடிப்பகுதியில் பல் வெட்டிய வாய் கயிற்றை விரைவாக அறுக்கும். ஆனால் மரம் சீவுகையில் கைக்கு மிக அருகில் உள்ள அப்பகுதிதான் அதிக விசையுடன் பயன்படுகிறது. பற்களைக் காட்டில் கூர் ஏற்றுவதும் கடினம். இக்காரணங்களால் முழுவதும் நேரான வாயே விரும்பத்தக்கது.

கைப்பிடி

பிடியின் நீளம் நான்கு விரல்களும் அடங்கும்படி 11 அல்லது 12 செ.மீ. இருக்க வேண்டும். குறுக்குவெட்டு நீள்வட்டமாக இருந்தால் கண்ணால் பார்க்காமலேயே வாய் எப்பக்கம் உள்ளது என்பதைக் கை உணரும். விரல் பதிய ஆழமாகக் குடைந்த பள்ளங்கள் எல்லாக் கைகளுக்கும் பொருந்தா. பிடிக்கும் முறையை மாற்றவும் அவை இடம் தருவதில்லை.

மரம் கைக்கு இதமானது. ஆனால் ஈரத்தில் உப்பும், உலர்ந்தால் வெடிக்கும். ரப்பர் வழுக்காது. துணியையோ தாளையோ பிசினில் அழுத்திச் செய்யும் மைக்கார்ட்டா நெடுநாள் உழைக்கும், ஈரத்திலும் பிடிப்புத் தரும். வாய்ப்பக்கம் கை நழுவாமல் தடுக்கச் சிறு மேடு இருப்பது புதியவர்க்குப் பாதுகாப்பு. பெரிய குறுக்குத் தடுப்பு நுண்ணிய சீவலுக்கு இடையூறாகும்.

உறை

காட்டில் தொலைந்த கத்தியும் முறிந்த கத்தியும் ஒன்றே. எனவே உறையைக் கத்தியின் ஒரு பாகமாகவே கருத வேண்டும். உறையைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினாலும் கத்தி விழக்கூடாது. அதே நேரம் ஒரு கையால் உருவவும் முடிய வேண்டும். வாய் உறையைக் கிழித்து வெளியே வரக்கூடாது. தோல் உறை ஓசை எழுப்பாது. ஆனால் நனைந்தால் நெடுநேரம் ஈரம் தேக்கி உயர்கரிம எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். நெகிழி உறை ஈரத்தை உறிஞ்சாது. அடியில் நீர் வடியத் துளை இருப்பது நல்லது.

நிலத்துக்கு ஏற்ற தேர்வு

வடபுல ஊசியிலைக் காடுகளில் சிறு கத்தியுடன் கோடரியோ ரம்பமோ எடுத்துச் செல்வது வழக்கம். பெரிய மரவேலை கோடரிக்கும், சீவும் வேலை கத்திக்கும் பிரிந்துவிடுவதால் 10 செ.மீ. அலகு போதும்.

வெப்பமண்டலக் காடுகளில் நிலைமை வேறு. கொடி, புதர், மூங்கில் ஆகியவற்றை வெட்ட நீண்ட அலகு தேவை. மலேசியாவின் பாராங், இந்தோனேசியாவின் கோலோக், தென்னமெரிக்காவின் மச்செத்தே ஆகியவை இத்தேவையில் பிறந்தவை. தமிழ்நாட்டின் அரிவாளும் வெட்டுக்கத்தியும் இவ்வேலைக்கே உரியவை. இங்கும் நுண்ணிய வேலைக்குச் சிறிய மடங்காக் கத்தி ஒன்று துணையாக வேண்டும். ஒரே கத்தி எல்லாவற்றையும் செய்யும் என்று எண்ணிப் பெரிய கத்தி ஒன்றை மட்டும் எடுத்துச் செல்வதைவிட, இரண்டு கருவிகளாகப் பிரித்துக்கொள்வது நல்ல பலன் தரும்.

சில எடுத்துக்காட்டுகள்

மோரா கம்பேனியன் ஏறத்தாழ 10 செ.மீ. அலகும் 2.5 மி.மீ. தடிமனும் கொண்டது. முழு வால் இல்லை, விலை குறைவு. சீவுவதில் சிறந்தது, பழகுவோர்க்கு ஏற்றது. அதே நிறுவனத்தின் கார்பெர்க் 3.2 மி.மீ. தடிமனும் முழு வாலும் உடையதால் பிளக்கும் வேலைக்கு ஏற்றது. சுவீடனின் ஃபால்க்னிவன் எஃப்1, அந்நாட்டு விமானப்படை விமானிகளின் உயிர்காப்புக் கத்தி. அதன் அலகு 97 மி.மீ. மட்டுமே, தடிமன் 4.5 மி.மீ. விமானம் கைவிட்ட பிறகு காட்டில் தனித்து நிற்கக்கூடிய ஒருவருக்கு உரிய கத்தி 10 செ.மீ.க்கும் குறைவாக இருப்பது, அளவு மட்டுமே வலிமை அல்ல என்பதற்குச் சான்றாகும்.

சட்டம்

கத்தியை வாங்கும் முன் செல்லவிருக்கும் இடத்தின் சட்டத்தையும் அறிவது இன்றியமையாதது. இந்தியாவின் படைக்கல விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளைப் படைக்கல வகையில் சேர்க்கின்றன. வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைக்கப்பட்டவை இதற்கு விலக்கு.

முகாமிடுவோர் பலரும் கவனிக்கத் தவறுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அச்சட்டத்தில் ஆயுதம் என்னும் சொல்லுக்குள் கத்தியும் அடங்கும். வனவிலங்கு சரணாலயத்துக்குள் எழுத்துவழி முன் அனுமதி இன்றி ஆயுதத்துடன் நுழைவதை அது தடை செய்கிறது. இத்தடை தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்தும். எனவே முதுமலை, ஆனைமலை போன்ற இடங்களுக்குச் செல்வோர் கத்தியைப் பற்றி வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். தீ மூட்டுவதற்கும் மரம் வெட்டுவதற்கும் அங்குக் கடும் கட்டுப்பாடுகள் உண்டு.

பிரித்தானியாவில் மடங்காக் கத்தியைத் தக்க காரணம் இன்றிப் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம். விமானப் பயணத்தில் கத்தியைக் கைப்பையில் கொண்டுசெல்ல முடியாது. பதிவு செய்து அனுப்பும் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

மருத்துவமனை தொலைவில் உள்ள இடத்தில் கத்திக்காயமே பெரிய இடராக மாறலாம். கத்தியை எடுக்கும் முன் கைநீட்டும் தொலைவுக்குள் யாரும் இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். உடலுக்கு வெளிப்புறமாகவே சீவ வேண்டும். உட்கார்ந்து சீவும்போது தொடைகளுக்கு இடையே வெட்டக்கூடாது. தொடையின் உட்புறம் பெருந்தமனி செல்வதால் அங்கு ஏற்படும் காயம் சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கக்கூடும். முழங்காலுக்கு அப்பால் கைகளை நீட்டியோ பக்கவாட்டில் வைத்தோ சீவலாம். பிறரிடம் தரும்போது பிடிப்பக்கம் அவரை நோக்கி இருக்க வேண்டும். காயம் பட்டால் தூய துணியால் அழுத்திப் பிடித்து, கசிவு நிற்கும்வரை கையை எடுக்காமல் இருக்க வேண்டும்.

பிளக்கும்போது கணு இல்லாத நேரான கட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தட்டுவதற்கு மரக்கட்டையையே பயன்படுத்த வேண்டும். கல்லோ சுத்தியலோ அலகைச் சிதைக்கும். பாதி பிளந்தபின் மர ஆப்பை இறக்கி மீதியைப் பிளந்தால் கத்தியின் மீதான சுமை குறையும். மழுங்கிய கத்தி கூரான கத்தியைவிட ஆபத்தானது. அதிக விசையுடன் அழுத்த வேண்டியிருப்பதால் அது திடீரென வழுக்கும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் கழுவி, உலர்த்தி, தேவையானால் எண்ணெய் பூசி உறையில் இடலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

• வால் எந்த வகை. பிடிக்குள் எதுவரை செல்கிறது?
• அலகு 10 முதல் 13 செ.மீ. நீளமும் 3 அல்லது 4 மி.மீ. தடிமனும் உள்ளதா?
• முதுகின் ஓரம் தீப்பொறிக் கோலைச் சுரண்டும் அளவுக்குக் கூராக உள்ளதா?
• எஃகின் பெயர் வெளிப்படையாகக் கூறப்பட்டுள்ளதா? வெறும் ‘உயர்தர எஃகு’ என்று மட்டும் குறிப்பிட்டிருந்தால் எச்சரிக்கை தேவை.
• ஈரக்கையிலும் கையுறையிலும் பிடி நழுவாமல் நிற்கிறதா?
• உறை தலைகீழாகவும் கத்தியைத் தாங்குகிறதா?
• செல்லும் இடத்தில் அதைக் கொண்டுசெல்லச் சட்டம் இடம் தருகிறதா?

இவை அனைத்தும் நிறைவேறினாலும், வாங்கிய கத்தியை நேராகக் காட்டுக்கு எடுத்துச் செல்வது போதாது. மழை பெய்த ஒரு நாளில், வீட்டருகே பாதுகாப்பான இடத்தில், நனைந்த கட்டை ஒன்றைப் பிளந்து, சீவி, தீப்பொறிக் கோலால் ஒரு முறை தீ மூட்டிப் பார்க்கலாம். கத்தியின் குறையும் கையின் குறையும் அங்கேயே தெரிந்துவிடும். இரண்டையும் சரிசெய்துகொள்ள அங்கு நேரம் இருக்கும். குளிர்ந்த காட்டில் இருக்காது.